முள் கெட்டதற்கு மீட்டர் போர்டையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். 2005 மாடல் செவர்லே சில்வராடோ 1500 பிக்கப் வைத்திருக்கிறேன். போன மாதத்திலிருந்து வண்டி நிற்கும்போதே ஸ்பீடோமீட்டர் முள் 80 மைலைக் காட்டுகிறது. ஆயில் பிரஷர் முள்ளும் சில நாள் அசைவதே இல்லை. ஜங்க்யார்டில் (பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் இடம்) இதே மாடல் மீட்டர் போர்டு மலிவாகக் கிடைக்கிறது. வாங்கி மாட்டிவிடலாமா? நானே செய்யக்கூடிய வேலைதானா?

பதில்: மாட்டினால் வேலை செய்யும். ஆனாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் வண்டி இதுவரை எத்தனை மைல் ஓடியது என்ற கணக்கு அந்த போர்டில் இருக்கும் ஒரு சின்ன மெமரி சிப்பில்தான் பதிவாகியிருக்கிறது. எஞ்சின் ஓடிய மணிக்கணக்கும் அங்கேதான். வேறொரு வண்டியின் போர்டை மாட்டினால் அந்த வண்டியின் மைல்தான் உங்கள் ஓடோமீட்டரில் வரும். கெட்டிருப்பது முள்ளைச் சுற்றும் மோட்டார். அதை மட்டும் மாற்றி, போர்டை அப்படியே வைத்துக்கொள்வதே சரியான வழி.

முள் ஏன் 80-இல் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதி எளிது. பழைய கால வண்டிகளில் கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் வந்து முள்ளைச் சுழற்றும். கேபிள் நின்றால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் முள்ளைப் பூஜ்ஜியத்துக்கு இழுத்துவிடும். உங்கள் வண்டியில் கேபிளும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. எஞ்சின் கம்ப்யூட்டர் வேகத்தை எண்ணாகக் கணக்கிட்டு ஒரே ஒயர் வழியாக மீட்டர் போர்டுக்கு அனுப்புகிறது. போர்டு அதைப் படித்து, ஒவ்வொரு முள்ளுக்கும் பின்னால் உள்ள ஸ்டெப்பர் மோட்டாரை (சின்னச் சின்ன எட்டுகளாகச் சுழலும் மோட்டார்) இத்தனை எட்டு முன்னே போ, இத்தனை எட்டு பின்னே வா என்று நகர்த்துகிறது. முள் உண்மையில் எங்கே நிற்கிறது என்று போர்டுக்குத் தெரியாது. எத்தனை எட்டு நகர்த்தினோம் என்ற எண்ணிக்கை மட்டும்தான் அதன் கையில். மோட்டாருக்குள் இருக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் பல்சக்கரங்கள் வழுக்கினாலோ சிக்கினாலோ எண்ணிக்கை ஒரு பக்கம், முள் ஒரு பக்கம். வண்டி நின்றாலும் முள் 80-இல் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

2003 முதல் 2006 வரையிலான இந்தக் குடும்பத்து வண்டிகளில் இது பரவலாகத் தெரிந்த குறை. சில ஆண்டு மாடல்களுக்கு, செவர்லேயைத் தயாரிக்கும் ஜி.எம். நிறுவனம் இதற்காகவே வாரண்டியை நீட்டித்தும் கொடுத்தது. அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது.

எதையும் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஓ.பி.டி. சாக்கெட்டில் (வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் சோதனைத் துளை) ஒரு ஸ்கேனரைச் செருகி, வேகம் என்ன என்று பாருங்கள். முள் 80 காட்டும்போது ஸ்கேனர் 0 காட்டினால் கம்ப்யூட்டரும் சென்சாரும் நலம், குற்றவாளி மோட்டார்தான். ஸ்கேனரிலும் வேகம் தாறுமாறாக வந்தால் மீட்டர் போர்டைத் தொடவே வேண்டாம். கியர்பாக்ஸில் உள்ள வேக சென்சாரையும் அதன் ஒயரையும் பாருங்கள்.

ஆயில் பிரஷர் முள்ளில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். இந்த எஞ்சின்களில் பின்பக்கம் மேலே உட்கார்ந்திருக்கும் பிரஷர் சென்சாரும் அடிக்கடி கெடும். முள் பொய் சொல்கிறதா, சென்சார் பொய் சொல்கிறதா, இல்லை நிஜமாகவே பிரஷர் இல்லையா? மூன்றாவதாக இருந்தால் எஞ்சினே போய்விடும். சென்சார் இருக்கும் துளையில் ஒரு மெக்கானிக்கல் கேஜை (ஆயில் அழுத்தத்தை நேரடியாகக் காட்டும் மீட்டர்) மாட்டி ஒரு முறை அளந்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைத் தள்ளிப் போடாதீர்கள்.

இனி கழற்றும் வேலை. முதலில் ஓடோமீட்டரைத் தேதி தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சாவியைத் திருப்பி, கியர் லிவரைக் கடைசி வரை கீழே இறக்குங்கள். ஸ்டியரிங்கையும் தாழ்த்துங்கள். மீட்டரையும் ரேடியோவையும் சுற்றியுள்ள பெரிய பிளாஸ்டிக் சட்டம் வெளியே வர இந்த இடம் தேவை. சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டு, சட்டத்தைச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். அது ஸ்குரூவில் இல்லை, கிளிப்பில்தான் நிற்கிறது. பின்னால் ஹெட்லைட் சுவிட்ச் ஒயர்கள் இருக்கும், வெடுக்கென்று இழுத்துவிடாதீர்கள். மீட்டர் போர்டு 7 மி.மீ. தலை கொண்ட நான்கு ஸ்குரூவில் நிற்கும். பின்னால் ஒரே ஒரு கனெக்டர். அவ்வளவுதான், கையில் வந்துவிடும்.

அப்புறம்தான் நிதானம் தேவைப்படும் இடம். முன்கண்ணாடியை எடுத்ததும் முள்ளைப் பிடுங்கத் தோன்றும். பொறுங்கள். ஒரு விரலால் முள்ளை மெல்ல, மிக மெல்ல, இடப்பக்கமாகத் திருப்புங்கள். பூஜ்ஜியத்தைத் தாண்டிக் கொஞ்சம் கீழே போய் ஓரிடத்தில் முட்டி நிற்கும். அது மோட்டாருக்குள் இருக்கும் தடுப்பு. முள் நிற்கும் அந்த இடத்தில் டயலின் மேல் சின்னதாக ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் கோடு போடுங்கள். ஒவ்வொரு முள்ளுக்கும் இப்படி. புது மோட்டாரின் தண்டையும் அதே தடுப்பு வரை திருப்பி, முள்ளை அதே கோட்டில் வைத்து அழுத்தினால் அளவு சரியாக வந்துவிடும். நான் முதன்முதலில் செய்த போர்டில் இந்தக் கோட்டைப் போடவில்லை. ஒவ்வொரு முள்ளையும் சரியான இடத்துக்குக் கொண்டுவர ஒரு முழு நாள் போனது.

முள்ளைக் கழற்றப் பிளாஸ்டிக் முட்கரண்டி போதும். அடியில் கொடுத்து நேர் மேலே தூக்க வேண்டும். சாய்த்தால் தண்டு ஒடியும்.

கடையில் கேட்க வேண்டிய மோட்டாரின் எண் எக்ஸ்27.168. உங்கள் வண்டியில் ஆறு இருக்கும், டிரான்ஸ்மிஷன் வெப்பம் காட்டும் முள்ளும் இருந்தால் ஏழு. கெட்டது இரண்டுதானே என்று இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். மற்றவையும் அதே வயதுதான், அடுத்த வருஷம் மறுபடியும் கழற்ற நேரும். ஒவ்வொரு மோட்டாருக்கும் போர்டில் பற்றவைத்த நான்கு கம்பிக் கால். ஆறுக்கு 24 சால்டர் புள்ளிகள். பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் வைத்து உருக்கி, பிறகு உறிஞ்சினால் சுத்தமாக வரும். கால் விடாதபோது மோட்டாரைப் பிடித்து இழுத்தால் போர்டில் உள்ள செம்புத் தடம் உரிந்து வந்துவிடும். போர்டு திறந்திருக்கும்போதே பின்னொளி பல்புகளையும் மாற்றிவிடுங்கள். எல்.இ.டி. வைப்பதாக இருந்தால் பிளஸ், மைனஸ் பார்த்து வையுங்கள்.

சால்டரிங் கையில் பழகவில்லை என்றால் உங்கள் வண்டியின் போர்டில் முதல் பாடம் படிக்க வேண்டாம். மீட்டர் பழுது பார்ப்பவரிடம் அனுப்பலாம். அனுப்பும் முன் ஒன்றைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்: என்னுடைய போர்டையே சரிசெய்து தருவீர்களா, இல்லை மாற்று போர்டு தருவீர்களா? அது திரும்பி வரும் வரை வண்டியை எடுக்காதீர்கள். வேகம் தெரியாமல் ஓட்டுவது ஆபத்து, ஓடிய மைலும் கணக்கில் ஏறாது.

போர்டு எரிந்து, வேறு வழியே இல்லை என்றால்தான் ஜங்க்யார்டு போர்டு. 2003-க்கு முந்தைய போர்டு பொருந்தாது. டீசல் வண்டியின் போர்டும் வேண்டாம். மாட்டும் முன் உங்கள் உண்மையான மைலை அதில் ஏற்ற வேண்டும். அமெரிக்க மத்திய சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது: பழுது பார்த்த பிறகும் மைல் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். அப்படி ஏற்ற முடியாவிட்டால் ஓடோமீட்டரைப் பூஜ்ஜியத்தில் வைத்து, பழைய மைலையும் வேலை செய்த தேதியையும் எழுதிய சீட்டை ஓட்டுநர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்ட வேண்டும். அந்தச் சீட்டைப் பிறகு கிழிப்பதும் குற்றம். ஏமாற்றும் நோக்கத்தோடு மைலை மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. 2010 மாடல் வரையிலான வண்டிகளை விற்கும்போது மைலை எழுதித் தர வேண்டாம் என்ற விலக்கு இருப்பது உண்மைதான். அது விற்பனைப் பத்திரத்துக்கு மட்டுமே. மைலை மாற்றக் கூடாது என்ற தடைக்கு வண்டியின் வயது ஒரு பொருட்டில்லை.

எல்லாம் மாட்டியதும் சாவியைத் திருப்பி, முட்கள் தடுப்பு வரை போய்த் திரும்புகின்றனவா என்று கவனியுங்கள். எஞ்சின் ஓடும்போது வோல்ட் முள் 14 அருகே நிற்க வேண்டும். நெடுஞ்சாலையில் போனின் ஜி.பி.எஸ். வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், போனைப் பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்து. ஒன்றிரண்டு மைல் வித்தியாசம் வந்தால் விட்டுவிடலாம். ஐந்தைத் தாண்டினால் அந்த ஒரு முள்ளை மட்டும் எடுத்து, கோட்டைப் பார்த்து மறுபடி வையுங்கள்.