லென்ஸ் வாங்குவதா, இன்னும் இரண்டு நாள் நிற்பதா? – வாசகர் கேள்வி பதில்

ஆபிரிக்கச் சமவெளிகளில் வழிகாட்டியோடு போய்ப் படம் எடுக்கும் சஃபாரி பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் போட்டிருந்தோம். அதற்குப் பிறகு திருகோணமலைப் பக்கமிருந்து வந்த கடிதங்களைப் பார்த்தால், கிழக்கில் இத்தனை பேர் கமராவும் கையுமாகத் திரிகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கே: ஹோட்டலில் வேலை செய்து கொஞ்சக் காசு சேர்த்திருக்கிறேன். தூரத்தில் நிற்பதைக் கிட்ட இழுக்கும் 150–600 மி.மீ. லென்ஸ் ஒன்று வாங்கிக்கொண்டு மலிவான குழுப் பயணத்தில் போகலாமா? ஜீப்புக்கு ஆறு பேர் என்கிறார்கள். – உப்புவெளி வாசகர்

லென்ஸை வாடகைக்கு எடுங்கள் தம்பி. கொழும்பில் கிடைக்கும். மிச்சக் காசை வாகனத்திலும் வழிகாட்டியிலும் போடுங்கள்.

ஆறு பேர் ஏறிய ஜீப்பில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். சிங்கம் இடது பக்கம் படுத்திருக்கிறது, நீங்கள் வலது பக்க யன்னலில். கூரையைத் தூக்கிவிட்டு எழும்பி நின்றால் முன்னால் நிற்பவரின் தொப்பி தெரியும். ஒருவர் அசைந்தால் வண்டி முழுக்க ஆடும், அந்த ஆட்டத்தில் எவ்வளவு விலையான லென்ஸும் ஒன்றுதான். ஐந்து நிமிடத்தில் போனில் நாலு படம் எடுத்து முடித்தவர்கள் "சரி, அடுத்தது யானை பார்ப்போமா" என்பார்கள், சாரதியும் பெரும்பான்மைப் பக்கம்தான் போவார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருடைய வேலை அன்றைக்கு எத்தனை வகை மிருகம் காட்டினார் என்பதை வைத்து அளக்கப்படுகிறது.

படம் எடுப்பவர்களுக்கென்றே வழி காட்டுகிறவர் வேறு மாதிரி. அதே சிங்கத்தைக் கண்டதும் உடனே கிட்டப் போகமாட்டார். சூரியன் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், பின்னால் இருக்கும் புல் வெளிச்சமா நிழலா என்று பார்த்து ஒரு சுற்றுச் சுற்றி வந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுச் சும்மா இருப்பார். பெண் சிங்கம் தூங்குகிற மாதிரித்தான் கிடக்கும். ஆனால் காது இரண்டும் ஒரே திசைக்குத் திரும்பி நின்றுவிட்டால், அந்தத் திசையில் ஒரு காட்டுப்பன்றி மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும். அது எழும்பி எந்த வழியால் பதுங்கிப் போகும் என்று கணக்குப் போட்டு, அது எழும்புவதற்கு முன்னமே நம்மை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிற ஆளுக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். சிங்கம் ஒரு நாளில் 20 மணித்தியாலம் வரைக்கும் படுத்துக் கிடக்கக்கூடிய பிராணி, மிச்ச நேரத்தைப் பிடிக்க இப்படி ஒருவர் இல்லாமல் முடியாது.

ஆகவே முற்பணம் கட்டும் முன் கேளுங்கள்: வண்டிக்கு எத்தனை பேர், ஒரு வரிசை முழுக்க ஒருவருக்கா, யன்னல் கண்ணாடி முழுதாக இறங்குமா, விடிய ஆறு மணிக்கே காலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வெளிக்கிடுவார்களா, ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீற்றர்தான் என்று கட்டுப்பாடு இருக்கிறதா. மூன்று பேருக்கு ஒரு லாண்ட் குரூசர் என்றால் நல்லது, நாலு பேர் பரவாயில்லை. இன்னொன்றையும் விசாரியுங்கள். சில பயணங்களில் பெயர் போன படப்பிடிப்பாளர் ஒருவர் கூட வருவார், வந்து நல்ல இருக்கையில் தானே உட்கார்ந்து தன்னுடைய படத்தை எடுத்துக்கொண்டிருப்பார். அவருடைய செலவையும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள்.

கே: நான் ஆசிரியை. ஓகஸ்ட் விடுமுறையில்தான் போகமுடியும். மாடுகள் ஆற்றைக் கடக்கும் காட்சி கிடைக்குமா? – திருகோணமலை நகர வாசகி

கிடைக்கலாம் ரீச்சர். நீங்கள் சொல்வது வில்டபீஸ்ட், மாடு மாதிரி இருக்கும் பெரிய மான் இனம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவை வரிக்குதிரைகளோடு சேர்ந்து மழையையும் புல்லையும் பின்தொடர்ந்து தன்சானியாவின் செரங்கெட்டிப் பூங்காவுக்கும் கென்யாவின் மாசாய் மாராக் காப்பகத்துக்கும் இடையில் வருடம் முழுக்கச் சுற்றுகின்றன. மாரா ஆற்றைக் கடப்பது பெரும்பாலும் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை. ஆனால் அதற்கு நேர அட்டவணை கிடையாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து, முன்னுக்கு நிற்கிறது தண்ணீரை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், மொத்தக் கூட்டமும் திரும்பிவிடும். காலையிலிருந்து காத்திருந்த எல்லா வண்டிகளும் வெறுங்கையோடு போகும். ஆகவே இரண்டு இரவு மட்டும் தங்குகிற திட்டத்தை எடுக்கவேண்டாம், ஒரே இடத்தில் நாலைந்து இரவாவது நில்லுங்கள்.

செலவு விஷயத்தில் ஒன்று. மாசாய் மாராவில் வெளிநாட்டவருக்கான நுழைவுக் கட்டணம் 2024 முதல் ஜனவரி–ஜூன் காலத்தில் நாளொன்றுக்கு 100 டொலர், ஜூலை–டிசம்பரில் 200 டொலர். கடக்கும் காலத்தில் ஆற்றங்கரையில் வண்டி நெரிசலும் சொல்லி மாளாது. அதனால் காப்பகத்தைச் சுற்றியுள்ள தனியார் காப்பு நிலங்களில் தங்குவதைப் பற்றி விசாரியுங்கள். மாரா நோர்த், நபொய்ஷோ, ஒலாரே மொட்டொரொகி என்று பல இருக்கின்றன, அந்தப் பகுதி மக்களான மாசாய்க் குடும்பங்களின் காணிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். அங்கே தங்குகிறவர்களின் வண்டிகள் மட்டும்தான் உள்ளே, பாதையை விட்டு இறங்கவும் அனுமதி உண்டு. காப்பகத்துக்குள் அது கூடாது.

என்னைக் கேட்டால், பெப்ரவரியில் லீவு எடுக்க ஒரு வழி பாருங்கள் என்பேன். செரங்கெட்டிக்குத் தெற்கே இந்துட்டு என்ற இடத்தில் அப்போது கன்று போடும் காலம். இரண்டு மூன்று கிழமைக்குள் பெரும்பாலானவை ஈன்றுவிடும். ஈரத்தோடு விழுந்த கன்று காலை மடக்கி, குப்புற விழுந்து, மறுபடி எழும்பிச் சில நிமிடங்களிலேயே தாயோடு ஓடத் தொடங்கும். ஓடாவிட்டால் கழுதைப்புலியும் சிவிங்கிப்புலியும் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஆறு கடப்பதை எல்லாரும் எடுத்தாகிவிட்டது, இதை அவ்வளவு பேர் எடுக்கவில்லை.

கே: கமரா இருக்கு, காட்டுக்குப் போகக் காசு இல்லை. எங்கே பழகலாம்? – உயர்தர மாணவன், திருகோணமலை

கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் புள்ளிமான்கள் நிற்கின்றனவே, அதைவிட நல்ல பள்ளிக்கூடம் எது? விடியவே போ. மானின் கண் உயரத்துக்குக் கமராவை இறக்கு, தரையில் படுத்தாலும் பரவாயில்லை. பின்னால் முச்சக்கரவண்டியும் குப்பைத்தொட்டியும் வராமல் ஓர் இடத்தைத் தேடிப் பிடி. வண்டிக்குள் இருந்துகொண்டு நல்ல பின்னணி கேட்டு வழிகாட்டியிடம் "இன்னும் இரண்டடி பின்னால்" என்று சொல்ல இந்தப் பழக்கம்தான் உதவும். தீனி போட்டுக் கூப்பிட்டு எடுக்காதே, கை நீட்டுகிற மானின் முகம் கை நீட்டுகிற முகமாகத்தான் படத்தில் விழும்.

கரைவலை இழுக்கும் நேரம் கடற்கரைக்குப் போனால் செம்பருந்துகள் இறங்கும். ஷட்டர் வேகத்தை 1/2000 செக்கன் வைத்துப் பாய்ச்சலை உறைய வை, அப்புறம் 1/60-க்கு இறக்கிப் பறவையோடு சேர்த்துக் கமராவைத் திருப்பி எடுத்துப் பார். முதலில் எல்லாம் தீற்றலாகத்தான் வரும். சிவிங்கிப்புலி ஓடுவதை எடுக்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். காசு சேர்ந்ததும் ஜூலை–செப்டெம்பர் காலத்தில் ஹபரணைப் பக்கம் போ. குளம் வற்றி ஓரத்தில் புல் முளைக்கும்போது மின்னேரியாவிலும் கவுடுல்லையிலும் யானைகள் கூட்டமாக இறங்கும். ஆபிரிக்காவிலிருந்து வெள்ளைக்காரன் இதைப் பார்க்க இங்கே வருகிறான்.

கே: படகில் போய்த் திமிங்கிலம் எடுத்துப் பழகியவன் நான். அங்கே என்ன வித்தியாசம்? – நிலாவெளி வாசகர்

உங்களுக்கு எதிரி உப்பு, அங்கே புழுதி. வண்டிக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள். இரண்டு கமரா கொண்டுபோக முடிந்தால் ஒன்றில் பெரியது, ஒன்றில் சிறியது போட்டு வைத்துவிடலாம், முடியாவிட்டால் 100–400 ஒன்றே போதும். முக்காலி வண்டிக்குள் விரிக்க இடமில்லை. வெறும் துணிப்பை ஒன்றை மடித்துக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ நிரப்பி யன்னல் விளிம்பில் வைத்து அதன்மேல் லென்ஸைக் கிடத்துங்கள்.

அடுத்தது கானல். காலை பத்து மணி தாண்டினால் தரை கொதிக்கத் தொடங்கும், தூரத்தில் நிற்கும் மிருகம் தண்ணீருக்குள் தெரிகிற மாதிரி நெளியும். எந்த லென்ஸாலும் அதைத் திருத்த முடியாது. கிட்ட நிற்பதை மட்டும் எடுங்கள், இல்லாவிட்டால் படுத்துத் தூங்குங்கள்.

ட்ரோனைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், விசேட அனுமதி இல்லாமல் இரண்டு நாட்டுப் பூங்காக்களிலும் தடை. பொலித்தீன் சொப்பிங் பேக்கும் அப்படித்தான், கென்யா 2017-இலும் தன்சானியா 2019-இலும் தடை செய்துவிட்டன. பூங்காவுக்குச் சின்ன விமானத்தில் போவதானால் பல கம்பனிகள் 15 கிலோதான் விடும், அதுவும் மெத்தென்ற பையில். சுவெட்டர் ஒன்றுக்கு அதில் இடம் வையுங்கள். மாரா 1,500 மீற்றருக்கு மேலே இருக்கிறது, திறந்த வண்டியில் விடியப் போனால் நம்ம ஊர் உடம்பு தாங்காது.

கே: ஓய்வு பெற்றவன். ஊசி, மருந்து என்ன போடவேண்டும்? – தம்பலகாமம் வாசகர்

ஐயா, முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யா அந்த நோய் அபாயமுள்ள நாடு, அங்கிருந்து திரும்பி வரும்போது நம்ம நாட்டிலேயே சான்றிதழ் கேட்பார்கள். கென்யாவிலிருந்து தன்சானியாவுக்குக் கடக்கும்போதும் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போடவேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். ஆனால் 60 வயதுக்கு மேல் முதல்தடவையாகப் போடுகிறவர்களுக்குப் பக்கவிளைவு ஆபத்துக் கொஞ்சம் கூட, அதனால் டொக்டரிடம் பேசாமல் போடவேண்டாம்.

மலேரியாவுக்கு ஊசி அல்ல, குளிசை. மலேரியாத் தடுப்பு இயக்கத்தில் பயணிகளுக்கு இலவசமாகவே கொடுக்கிறார்கள். திரும்பி வந்தபின் காய்ச்சல் கண்டால் ஆபிரிக்கா போய்வந்ததை டொக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இலங்கை 2016-இல் மலேரியா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது, இப்போது யாருக்கும் அது சட்டென்று ஞாபகம் வராது. நுளம்பு மட்டும் இங்கேயே இருக்கிறது.

கே: சிங்கக்குட்டியைத் தூக்கிப் படம் எடுக்கலாமாமே? – சீனக்குடா வாசகி

தென் ஆபிரிக்காவில் அப்படிச் சில இடங்கள் உண்டு. போகாதீர்கள். குட்டி வளர்ந்தபின் வேலிக்குள் வைத்து வேட்டைக்காரருக்கு விற்கிற வியாபாரம் அதன் பின்னால் இருந்திருக்கிறது. காட்டில் சிங்கக்குட்டியை யாரும் தூக்க முடியாது, தாய் விடாது.

கே: போன் மட்டும்தான் இருக்கு. போகலாமா? – கன்னியா வாசகர்

தாராளமாக. சிறுத்தையின் மீசையை எண்ண முடியாது, அவ்வளவுதான். கென்யாவின் அம்போசெலிக்குப் போங்கள். யானைகள் வண்டிக்குப் பக்கத்தாலேயே நடக்கும், பின்னால் 5,895 மீற்றர் கிளிமஞ்சாரோ. மலையை விடியவும் மாலையும்தான் பார்க்கலாம், பகலில் முகில் மூடிவிடும்.

கே: சாப்பாடு எப்படி? ஹலால் கிடைக்குமா? – மூதூர் வாசகி

நைரோபியில் பிரச்சினையே இல்லை. கென்யாவின் கரையோரம் முழுக்க முஸ்லிம்கள் வாழும் ஊர்கள், இந்திய வம்சாவளியினரும் நிறைய. சப்பாத்தியும் சமோசாவும் அந்த நாட்டுச் சாப்பாடாகவே ஆகிவிட்டன. பூங்காவுக்குள் இருக்கும் முகாம்களுக்கு மட்டும் பதிவு செய்யும்போதே எழுதிச் சொல்லிவிடுங்கள், சாமான் ஏற்றிவர அவர்களுக்கு ஒரு நாள் பிடிக்கும். உறைப்புக் காணாது. கட்டைச் சம்பல் ஒரு போத்தல் அந்த 15 கிலோவுக்குள் அடங்குமா என்று வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.