தும்பையை வளவில் வளர்ப்பது எப்படி? அது ஏன் சில மாதங்களில் காய்ந்துபோகிறது?

தும்பை ஒரு பருவச் செடி. முளைத்து, பூத்து, விதை கொட்டி, ஓராண்டுக்குள் முடிந்துவிடும். திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு வருகிறது. பிறகு நீண்ட வெயில். அந்த வெயிலைச் செடி தாங்காது, விதை தாங்கும். பெரும்போக நெல்லும் இப்படித்தானே: மணி முற்றியதும் தாள் காய்ந்துவிடுகிறது.

முதல் மழைக்கு முன், வெயில் படும் இடத்தில் மண்ணை லேசாகக் கீறி விதையைத் தூவுங்கள். விதை மிகச் சிறியது. ஆழப் புதைக்க வேண்டாம். தண்ணீர் தேங்கக் கூடாது. பசளை போட்டால் இலைதான் மண்டும். பூசைக்குப் பூப் பறிப்பவர்கள் சில கொத்துகளையாவது முற்ற விடுங்கள். அடுத்த மாரிக்கான விதை அவற்றில்தான் இருக்கிறது. களையென்று இதைப் பிடுங்கி எறிவதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது.

செடி காய்வதை நோயென்று நினைத்துப் பலர் தண்ணீர் ஊற்றுகிறார்கள். விதை முற்றிய தும்பை அதனால் மீண்டும் துளிர்க்காது.