கையெழுத்துப் போட மறுத்தேன், வேலை போனது

கேள்வி: கலிஃபோர்னியாவில் ஓர் அரசுக் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை கிடைத்தது. சேரும் நாளில், அரசியல் சட்டத்தை ஆதரித்துக் காப்பேன் என்ற உறுதிமொழித் தாளை நீட்டினார்கள். 1950-இல் கம்யூனிஸ்டுகளை விரட்டக் கொண்டுவந்த தாள் அது. என் தாத்தா தஞ்சையில் செங்கொடி பிடித்துச் சிறை சென்றவர். மறுத்தேன். வேலையை ரத்து செய்துவிட்டார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: தாத்தாவை விட்டுவிடுங்கள். அலுவலகத்தில் உங்களைப் பார்த்துச் சிரித்தார்கள் என்பதையும் விட்டுவிடுங்கள். உங்கள் நீண்ட கடிதத்தில் இல்லாத ஒன்றுதான் எனக்கு வேண்டும்: இன்னும் கிரீன் கார்டா, குடியுரிமை வாங்கிவிட்டீர்களா?

கிரீன் கார்டு என்றால் உங்களிடம் அந்தத் தாளை நீட்டியதே தப்பு. மாநில அரசாங்கச் சட்டத்தொகுப்பின் 3101-ஆம் பிரிவு, குடியுரிமை இல்லாத ஊழியர்களை விலக்கியிருக்கிறது. அந்த எண்ணைக் குறிப்பிட்டு ஒரு கடிதம் போடுங்கள்.

குடிமகன் என்றால் கதை வேறு. கம்யூனிஸ்டுகளைக் குறிவைத்த வாசகத்தை மாநில உச்ச நீதிமன்றம் 1967-லேயே நீக்கிவிட்டது. மிச்சம் இருப்பது 'ஆதரிப்பேன், காப்பேன்' மட்டும். மாசசூசெட்ஸின் இதே மாதிரி உறுதிமொழி செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் 1972-இல் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் கேட்ட உறுதிமொழியை மறுத்து வேலையிழந்த 31 பேராசிரியர்களில் வழக்குப் போட்டவர்கள் 1952-இல் ஜெயித்தார்களே என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படி ஜெயித்தார்கள்? மாநிலச் சட்டத்திலேயே ஓர் உறுதிமொழி இருக்கும்போது பல்கலைக்கழகம் தனியாக ஒன்று கேட்கக் கூடாது என்ற காரணத்தால். திரும்பி வர, அந்த மாநில உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நீங்கள் மறுத்தது அதன் மிச்சத்தைத்தான்!

இந்த விஷயத்தில் என்னிடம் வருபவர்கள் விழும் குழி வேறு. மறுக்க மாட்டார்கள், திருத்துவார்கள். ஓரத்தில் 'மனசாட்சிக்கு உட்பட்டு' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருப்பார்கள். திருத்திய உறுதிமொழி, எடுக்காத உறுதிமொழிதான். 2008-இல் குவேக்கர் என்ற, போரை மறுக்கும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு கணித ஆசிரியை 'வன்முறையின்றி' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார், வேலை போனது. ஆயுதம் ஏந்தும் கடமை இதில் இல்லை என்ற விளக்கத்தைத் தனித் தாளாக இணைத்ததும் திரும்பக் கிடைத்தது.

அதையே கேளுங்கள். இணைப்புத் தாள் விளக்கலாம், மறுக்கக் கூடாது. 'சம்பளத்துக்காகத்தான் போடுகிறேன்' என்று யாருக்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடாதீர்கள். உள்ளொன்று வைக்காமல் எடுக்கிறேன் என்று உறுதிமொழியிலேயே இருக்கிறது, பொய் என்று தெரிந்தே எடுப்பது குற்றம். அப்புறம், இது முடியும்வரை வகுப்பெடுக்கப் போகாதீர்கள். உறுதிமொழி எடுக்காதவருக்குச் சம்பளம் தர 3107-ஆம் பிரிவு விடாது.

வழக்கு வேண்டாம், கல்லூரி வழக்கறிஞருடன் பேசி முடியுங்கள். குடியுரிமை விழாவில் கையைத் தூக்கி நீங்கள் சொன்னது இதைவிடக் கடுமையான வாசகம். எதிர்த்தரப்பு முதல் கேள்வியாக அதைத்தான் கேட்கும்.