பாடும் மீன் யாருடையது?

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடி வாசகர் ஒருவர், நண்பரின் சிறிய அனிமேஷன் நிறுவனத்துக்குப் பாடும் மீன் பாத்திரமொன்றை வரைந்துகொடுத்து 40,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். சிறுவர் பாடல் வீடியோக்கள் யூடியூப்பில் நன்றாக ஓடுகின்றன. இப்போது அந்த மீன் புத்தகப்பையிலும் கொப்பி அட்டையிலும் ஏறிவிட்டது. "காசு தந்தாச்சு, இனி அது எங்கட" என்கிறார் நண்பர். வீடியோவில் வரைந்தவர் பெயர் இல்லை. யூடியூப்பில் முறையிட்டுச் சனலை முடக்கலாமா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி நட்பைப் பற்றியது. அது எனக்கு வேண்டாம். பெயர் போடாதது பிழைதான், ஆனால் அதில் பெரிதாகக் காசு வராது. பேச்சுவார்த்தையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இருவரும் கையெழுத்திட்ட தாள் ஏதும் உண்டா? சம்பளம், ஊழியர் சேமலாப நிதி என்று அங்கே வேலை பார்த்திருந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை உரிமை தொழில்தருநருக்கே. வெளியில் இருந்து வரைந்துகொடுத்தவர் என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உரிமையைக் கைமாற்ற இரு தரப்பும் ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். காசு வாங்கியதால் மட்டும் உரிமை போய்விடாது. வீடியோ தயாரிப்பாளருடையது. பையில் இருக்கும் மீன் வேறு கதை: அது வீடியோ அல்ல, நீங்கள் கீறிய உருவம். அந்த எழுத்து இல்லாவிட்டால் உரிமை உங்களிடமே.

வாவியில் மீன் பாடும் என்பது நம் ஊர்ப் பழங்கதை, அந்த எண்ணம் மட்டக்களப்பு முழுவதற்கும் பொது. உங்களுடையது நீங்கள் கீறிய உருவம் மட்டுமே. அதனால் திகதியுடன் இருக்கும் மூலக் கோப்புகளை இன்றே பத்திரப்படுத்துங்கள்.

சனலை முடக்கும் யோசனைதான் எனக்குப் பயம். இப்படி முறையிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முழு வீடியோவும் தனது என்று கோபத்தில் எழுதிவிடுவார்கள். அது பொய்க் கூற்று, எதிர்த்தரப்பு நட்டஈடு கேட்கலாம். ஒழுங்காக எழுதினாலும் அவர்கள் எதிர் அறிவித்தல் (வீடியோவை நீக்கியது பிழை என்ற மறுப்பு) கொடுத்தால், 10 வேலை நாட்களுக்குள் வழக்குத் தொடுத்த ஆதாரத்தை யூடியூப்புக்குக் காட்ட வேண்டும். வழக்கு கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்தில். மட்டக்களப்பிலிருந்து அதற்குள் சட்டத்தரணி பிடித்து, ஆவணம் தயாரித்து, பணம் புரட்டி... முடியாமல் போனால் வீடியோ திரும்ப ஏறும், உங்கள் பேரம் இறங்கும். முடிந்தாலும் என்ன? சின்ன ஸ்டூடியோவுக்கு விளம்பர வருமானம் கைச்செலவுக்குக் காணும் அளவுக்குத்தான். காசு இருப்பது பையிலும் கொப்பியிலும். சனல் இறந்தால் மீனை யார் வாங்குவது?

வால்ட் டிஸ்னியே 1928இல் ஒஸ்வால்ட் என்ற தன் கார்ட்டூன் முயலை இழந்தார். உரிமை யூனிவர்சல் பட நிறுவனத்திடம் இருந்தது. டிஸ்னி நிறுவனத்துக்கு அது திரும்பியது 2006இல். உங்களுக்கு அத்தனை காலம் இல்லை, சமரசம் பேசுங்கள்.

"நிகர லாபத்தில் பங்கு" என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். செலவெல்லாம் கழித்தால் நிகர லாபம் எப்போதும் பூச்சியமாகத்தான் வரும். மொத்த விற்பனை விலையில் இத்தனை சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, வீடியோவில் பெயர் என்று கேளுங்கள். இடையில் "முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்றொரு பற்றுச்சீட்டுடன் நண்பர் வீட்டுக்கு வந்தால் தேநீர் கொடுங்கள், கையெழுத்து வேண்டாம்.