ஞாயிற்றுக்கிழமை வெயிலைத் துணிகளுக்குக் கொடுக்காதீர்கள்

கேள்வி: எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். எனக்கு ஊட்டியில் வங்கி வேலை. இவருக்குக் குன்னூர் அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். கார்த்திகை பிறந்ததிலிருந்து வீடே ஈரமாகக் கிடக்கிறது. துணி காய்வதில்லை, இட்லி மாவு பொங்குவதில்லை. குளிர் தாங்காத ராத்திரிகளில் படுக்கையறையில் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். ஞாயிறு ஒருநாள்தான் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் இருப்பது. அன்றைக்கும் இவர் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால் பதினோரு மணி வரை எழுந்திருப்பதில்லை. நான் ஒருத்தியே துவைத்து, அரைத்து, பெருக்கி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடுகிறது. லீவு சேர்ந்து வந்தால் ஊருக்கு ஓடுகிறோம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கி நேராக ஆபீஸ். போன வாரம் ஓர் ஈரத் துண்டுக்காகப் பெரிய சண்டை, இரண்டு நாள் பேச்சில்லை. எங்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்குப் பிரியம் குறைந்துவிட்டதா?
— பெயர் வேண்டாம், உதகை

பதில்:

பிரியத்தைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தக் கரி அடுப்பை இன்றைக்கே வெளியே எடுத்துப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை, கண் எரியாது, இருமல் வராது. தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். மலையூர்களில் இப்படிப் படுத்து எழுந்திருக்காமல் போனவர்கள் உண்டு. 'புகை அடங்கிக் கங்கான பிறகுதான் உள்ளே எடுத்து வருகிறோம்' என்பீர்கள். கங்கிலிருந்துதான் அந்த வாயு வருகிறது. காலையில் தலைவலியோடும் குமட்டலோடும் எழுந்த நாள் ஏதாவது உண்டா என்று இரண்டு பேரும் யோசித்துப் பாருங்கள். கேஸ் அடுப்பைக் குளிர் காய்வதற்காக எரியவிடுவதும் வேண்டாம்.

அதற்குப் பதில் ரப்பர் வெந்நீர்ப் பை போதும். படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்பு கம்பளிக்குள் கால் வைக்கும் பக்கம் வையுங்கள். மின்சார ஹீட்டர் வாங்க ஆசையிருந்தால் கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு யூனிட் இழுக்கும். ராத்திரி மூன்று மணி நேரம் ஓட்டினால் இரண்டு மாத பில்லில் 360 யூனிட் கூடும். படுக்கும் முன் அரை மணி நேரம் அறையைச் சூடாக்கிவிட்டு நிறுத்தினால் 60 யூனிட்தான்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன்.

'பதினோரு மணி வரை எழுந்திருப்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முந்தின வார்த்தைகளிலேயே 'காலை ஏழு மணிக்கு வந்து படுத்தால்' என்றும் இருக்கிறது. ஏழிலிருந்து பதினொன்று வரை நான்கு மணி நேரம். ராத்திரி முழுக்க இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, அந்தக் குளிரில் வீடு வந்து சேர்ந்த மனுஷன் நான்கு மணி நேரம்தான் தூங்குகிறார். இது சோம்பல் கணக்கில் வராது, அம்மா. இதே தூக்கத்தை அவர் ராத்திரி பத்திலிருந்து இரண்டு வரை தூங்கி எழுந்தால், 'உடம்பு என்னத்துக்கு ஆகும்' என்று நீங்களே பதறியிருப்பீர்கள்.

உங்கள் பக்கமும் எனக்குத் தெரிகிறது. அவர் தூங்கும் அந்த நேரத்தில்தான் உங்கள் வேலை முழுதும் நடக்கிறது. அவர் கண் விழித்து வெளியே வரும்போது பார்ப்பது ஈரக்கையும் வெடுவெடுத்த முகமுமாக நிற்கிற ஒரு பெண்ணை. நீங்கள் பார்ப்பது கம்பளி வாசனையோடு கொட்டாவி விடுகிற ஒரு ஆளை. அந்த நிமிஷத்தில் நடுவில் ஓர் ஈரத் துண்டு கிடந்தால் சண்டை அதைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும்.

எனக்குப் பட்டது இதுதான்: நீங்கள் இரண்டு பேரும் 2,240 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கும்பகோணத்து வாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அங்கே ராத்திரி அரைத்த மாவு காலையில் பாத்திரத்தை விட்டு வழியும். எட்டு மணிக்குப் போட்ட துணி பத்து மணிக்கு மொறமொறவென்று இருக்கும். ஊட்டியில் தண்ணீர்கூட வேறு மாதிரி. கீழே 100 டிகிரியில் கொதிப்பது இங்கே 92, 93 டிகிரியிலேயே தளபுளவென்று கொதித்துவிடும். பார்க்கக் கொதிக்கும், பருப்பு வேகாது. குக்கர் இல்லாமல் முடியாது என்பதை இந்த மூன்று வருடத்தில் தெரிந்துகொண்டிருப்பீர்கள். மாவுக்கும் துணிக்கும் அதே நியாயம்தான்.

நானும் குன்னூரில் நான்கு குளிர்காலம் குடித்தனம் செய்தவள். முதல் மார்கழியில், ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கென்று சனி இரவு அரைத்து வைத்தேன். காலையில் திறந்து பார்த்தால் போட்ட உப்பின் கோடுகூட அப்படியே இருந்தது. அதை ஊற்றி வேகவைத்து, சுவரில் எறிந்தால் திரும்பி வரும்படி ஒன்றைச் செய்து வைத்து, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். பக்கத்து வீட்டுப் படுகர் அம்மா சிரித்துவிட்டு, ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊருக்கு அந்தச் சாப்பாடு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. பிறகு வழி கண்டுபிடித்தேன். வெள்ளி இரவே அரைத்துவிடுவேன். அரிசி ஊறும் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். மாவுப் பாத்திரத்தை ஒரு தெர்மகோல் பெட்டிக்குள் இறக்கி, பக்கத்தில் ஒரு மூடிபோட்ட சொம்பு வெந்நீர் வைத்து, மேலே பழைய ஸ்வெட்டரைச் சுற்றிவிடுவேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை வெந்நீரை மாற்றினால் போதும். ஞாயிறு காலை மூடியை முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கும் பொறுமை இல்லாத வாரம் அடை வார்த்துவிடுங்கள். அடை யாருக்காகவும் புளிக்கக் காத்திருக்காது.

துணி விஷயம் கொஞ்சம் பெரிது. ஊட்டியில் டிசம்பரிலும் பகல் ஒன்றும் ரொம்பக் குறுகிவிடுவதில்லை. சூரியன் ஆறரை தாண்டி வந்து ஆறு மணிக்கு மேல்தான் மறைகிறது. ஆனால் துணி காய்கிற வெயில் பத்திலிருந்து மூன்று வரைதான், அதற்கு மேல் கொடியில் விட்டால் பனி குடிக்கும். அந்த ஐந்து மணி நேரம் உங்கள் இருவருக்கும் சேர்ந்து கிடைப்பது வாரத்தில் ஒரே ஒரு நாள். அதைப் போர்வைக்கும் துண்டுக்கும் கொடுத்துவிட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு நடுங்கிக்கொண்டே 'ஓய்வே இல்லை' என்றால் எங்கிருந்து வரும்?

உங்களுக்கு இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி விடுமுறைதானே. பெரிய துவையல் அந்த இரண்டு நாள்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் புதன்கிழமை சாயங்காலம் உள்ளாடையும் ஆபீஸ் துணியும் மட்டும். மெஷினில் இரண்டு தடவை பிழியவிட்டு, மழையும் பனியும் படாத பால்கனிக் கூரைக்குக் கீழே போட்டுவிடுங்கள். வெள்ளிக்கு எடுத்தால் போதும். படுக்கையறையில் மட்டும் காயப்போடாதீர்கள். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம் பிடிக்கும், கம்பளியும் நமுத்துவிடும். ஸ்வெட்டரைத் தினம் துவைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, வெயிலில் ஒரு மணி நேரம் உதறிப் போட்டாலே போதும். இன்னொரு சூட்சுமம்: துவைப்பதற்கு முந்தின ராத்திரி வாசலில் நின்று வானத்தைப் பாருங்கள். நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து மூக்கு நுனி விறைத்தால், தலைக்குந்தா, காந்தள் பக்கமெல்லாம் விடியும்போது உறைபனியில் புல் வெளுத்திருக்கும். ஆனால் மறுநாள் நல்ல வெயில் அடிக்கும், தைரியமாகத் துவைக்கலாம். மேகம் மூடிக் குளிர் குறைந்திருந்தால் துணியை நனைக்காதீர்கள்.

ஆக ஞாயிற்றுக்கிழமை அவர் பன்னிரண்டு வரை தூங்கட்டும். நீங்களும் எட்டரை வரை கம்பளியை விட்டு வராதீர்கள். அவர் எழுந்ததும் இரண்டு நாற்காலியை வெயில் விழுகிற சுவரோரம் போடுங்கள். ஆரஞ்சு உரியுங்கள், உறைந்துபோன தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கி அவர் தலையில் தேய்த்துவிடுங்கள், இல்லை அவரைத் தேய்த்துவிடச் சொல்லுங்கள். உயரத்தில் குளிர்ந்த காற்றில் வெயில் சுடுவது தெரியாது, ஆனால் முகம் கறுத்துத் தோல் உரியும்; ஒரு தொப்பி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலையில் அவருக்கு என்ன பங்கு என்பதையும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தே பேசுங்கள். பகல் ஷிப்ட் வாரத்தில் சாயங்காலத் துவையலும் மாவு அரைப்பதும் அவருடையதாக இருக்கட்டும். மேற்பார்வை பார்க்கத் தெரிந்தவருக்கு கிரைண்டர் ஓட்டத் தெரியாதா என்ன?

லீவு பற்றி. பஸ்ஸில் விடிய விடிய உட்கார்ந்து வந்து கேஷ் கவுண்டரில் நிற்பது ஓய்வு ஆகாது. பொங்கலுக்குப் போங்கள், பெரியவர்கள் காத்திருப்பார்கள், ஆனால் ஒரு நாள் முன்னதாகத் திரும்புங்கள். படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். வழக்கமாக வங்கிக்கு அது கிடையாது, பாவம் நீங்கள். ஆனால் ஜனவரி, பிப்ரவரியில் பனியாலும் வறட்சியாலும் கொழுந்து வரத்து குறையும், தொழிற்சாலையும் அவ்வளவு மும்முரமாக ஓடாது. அவர் லீவு கேட்க அதுதான் நேரம். ஒரு புதன், வியாழன் நீங்களும் போட்டுவிட்டு வீட்டிலேயே இருங்கள், எங்கேயும் போக வேண்டாம்.

இரண்டு சின்ன விஷயம். இரவு ஷிப்ட் முடிந்து அவர் பைக்கில் வருகிறார் என்றால், அந்த அரைத்தூக்கத்தில், மூடுபனியில், குன்னூர்ச் சாலையில் திருப்பத்துக்குத் திருப்பம் காட்டெருமை நிற்கும். அந்த வாரம் மட்டும் பஸ்ஸில் வரச் சொல்லுங்கள், அரை மணி நேரம் தாமதமானாலும் பரவாயில்லை. அப்புறம், வெயிலில் உட்கார்ந்தும் உங்களுக்குக் குளிர் விடவில்லை, முடி கொட்டுகிறது, எப்போதும் அசதி என்றால் ஊட்டிக் குளிர்மேல் மட்டும் பழி போடாமல் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிரியம் குறைந்துவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். பிரியம் குறைந்தவர்கள் ஈரத் துண்டுக்கு இரண்டு நாள் பேசாமல் இருக்கமாட்டார்கள், துண்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். தை பிறந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்: மாவு பொங்கியதா?