சொல்லாதவருக்கு அபராதம் போடலாமா?

கேள்வி: பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறேன். சென்ற மாதம் முகப்புப் பக்கத்துச் சாரம் சரிந்து ஒரு கொத்தனாருக்குக் கை முறிந்துவிட்டது. கட்டுக்கயிறு இற்றிருந்ததை ஒரு சித்தாள் முதல் நாளே பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. ஹெல்மெட், பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இனி ஆபத்தைப் பார்த்தும் சொல்லாதவர்களுக்கு அபராதம் போடலாமா?
- ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: வேண்டாம். அபராதம் வந்துவிட்டால், பார்த்தவர்களும் பார்க்கவே இல்லை என்று சாதிப்பார்களே தவிர, முன்கூட்டிச் சொல்ல வரமாட்டார்கள்.

அந்தப் பெண் யாரிடம் சொல்லியிருக்க முடியும் என்று எண்ணிப் பாருங்கள். அவரை வேலைக்கு அழைத்து வருபவரும், மாலையில் கூலியை எண்ணிக் கொடுப்பவரும், நாளைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தக்கூடியவரும் பெரும்பாலும் மேஸ்திரி ஒருவரே. சாரம் கட்டியவர் அந்த மேஸ்திரியின் மைத்துனராகவோ பங்காளியாகவோ இருந்துவிட்டால் (நம் பக்கத்தில் அப்படித்தானே ஆள் சேர்க்கிறோம்), கயிறு இற்றிருக்கிறது என்ற எச்சரிக்கை கோள் சொல்வதாகவே கொள்ளப்படும். "கலவை சுமக்க வந்தவளுக்குச் சாரத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று யாரையாவது ஒருமுறை அதட்டியிருந்தால் போதும், அங்குள்ள அத்தனை பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தபோது, நல்ல தலைமையின் கீழ் இணக்கமாக வேலை செய்த குழுக்களில்தான் பிழைகள் கூடுதலாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அஞ்சாமல் வெளியே சொன்னதே அதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். ஆகவே, உங்களிடம் வரும் குறைகள் பெருகினால் கவலைப்படாதீர்கள்; ஒரு குறையும் வராத மாதத்துக்குத்தான் கவலைப்பட வேண்டும்.

அச்சம் இல்லாத இடத்திலும் செய்தி கைமாறாமல் போவதுண்டு. 1988இல் வட கடலின் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில், பழுதுபார்ப்பதற்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்த விவரம் இரவுமுறை ஆட்களுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை ஓட்டியதில் தொடங்கிய விபத்தில் 167 பேர் மாண்டார்கள். உங்கள் வேலையில், கறையான் அரித்த உத்தரத்தைத் தாங்கும் முட்டுக்காலை ஆசாரி மாலையில் எடுத்துவிட்டுப் போனால், காலையில் மேலே ஏறிப் பழைய காரையைக் கொத்துபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். ஆகவே, வேலையை விடுபவர் தொடர்பவரை இடத்துக்கே அழைத்துச் சென்று கையால் தொட்டுக் காட்டட்டும். வட மாநிலத் தொழிலாளர்கள் நாம் பேசுவது புரியாமலேயே தலையாட்டிவிடுவதால், அவர்களைத் திருப்பிச் செய்துகாட்டச் சொல்வது இன்னும் முக்கியம்.

கை முறிந்தவரின் மருத்துவச் செலவையும் அவர் இழந்த கூலியையும் தாமதிக்காமல் கொடுத்துவிடுங்கள். மற்றவர்கள் உங்களை அதில்தான் எடைபோடுவார்கள். பிறகு அந்தச் சித்தாளிடம், ஏன் சொல்லவில்லை என்று கேட்காமல், இப்போது வேறு எந்தக் கட்டு உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்று தனியாகக் கேளுங்கள். அவர் காட்டுவதை உங்கள் கண்ணில் பட்டதாகவே மேஸ்திரியிடம் சொல்லி, அன்றைக்கே அவிழ்த்துக் கட்டச் செய்யுங்கள். அது முடியும்வரை யாரையும் சாரத்தில் ஏற்றாதீர்கள். அந்த நேரத்துக்காக எவர் கூலியிலும் பிடித்தம் செய்யாதீர்கள்.