யாரைக் கேட்டது 'நலந்தானா'?

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் நாதஸ்வரத்தில் 'நலந்தானா' வாசித்தபோது பக்கத்தில் இருந்த பெரியவர், "அண்ணா உடம்புக்கு முடியாமல் இருந்தப்போ அவரை நினைச்சுக் கண்ணதாசன் எழுதினது தம்பி" என்றார். நிஜமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து நானும் கேட்டு வருகிறேன். ஆனால் தேதி இடிக்கிறது. இந்தப் பாட்டு வருகிற 'தில்லானா மோகனாம்பாள்' படம் வெளியானது 1968 ஜூலை கடைசியில். அண்ணா அமெரிக்கா போய் அறுவை சிகிச்சை செய்துகொண்டது அதே வருஷம் செப்டம்பரில். அதற்குள் பாட்டு எழுதி, கே.வி. மகாதேவன் இசையமைத்து, சுசீலா பாடி, தியேட்டருக்கே வந்துவிட்டது. அந்தச் செய்தி கேட்டு எழுதியிருக்க வழியே இல்லை. ஊரே அண்ணாவுக்காகக் கவலைப்பட்ட நாளில் வாய்க்கு வாய் இருந்த புதுப்பாட்டு இது. கேட்டவர்கள் தங்கள் கவலையை அதில் ஏற்றிக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, பாட்டு யாரைக் கேட்கிறது? கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதைதான் படமானது. சிக்கல் என்கிற ஊர் நாதஸ்வரக்காரர், திருவாரூர் நாட்டியக்காரி. நம்மூர் பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போகிற தூரம், ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் வீம்பும் சந்தேகமும் மலையாக நிற்கும். கத்தி பட்டு ஆஸ்பத்திரியில் கிடந்து அவர் எழுந்து வந்திருக்கிறார். ஓடிப்போய் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க முடியாமல், அத்தனை பேர் பார்க்க, ஆடிக்கொண்டே கேட்கிறாள். 'இலைமறை காய் போல்' பொருள் வைத்து யாருக்கும் தெரியாமல் பதில் சொல் என்கிறாள் பாருங்கள், அந்த இடத்தில்தான் பாட்டின் உயிரே இருக்கிறது, ஏனென்றால் அவருக்கு வாயில் நாதஸ்வரம், பேசவே முடியாது, சொல்வதெல்லாம் வாத்தியத்திலும் புருவத்திலும்தான் சொல்லியாக வேண்டும்.

அப்புறம் அந்தச் சரணம். கண் பட்டது, புண் பட்டது, பெண் பட்ட பாடு. 'பட்ட' என்ற ஒரே சொல்லைத் திருஷ்டிக்கும் காயத்துக்கும் வேதனைக்கும் வைத்து, கடைசியில் 'பாட்டை யார் அறிவார்' என்று முடிக்கிறார் கவிஞர். பட்ட பாடும் அதுதான், பாடுகிற பாட்டும் அதுதான். இதை நான் கவனிக்கவே முப்பது வயதாகிவிட்டது!

கேள்வி: படத்தில் நாதஸ்வரம் வாசித்தது சிவாஜியேவா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: இல்லை. மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். கன்னம் உப்புவதும் விரல் ஓடுவதும் அப்படியே பொருந்துகிற மாதிரி நடித்தது சிவாஜி.

கேள்வி: தங்கை கல்யாணத்தில் 'நலந்தானா' வாசிக்கச் சொல்லலாம் என்றேன். புண், பாடு என்றெல்லாம் வருகிற பாட்டு மங்கல காரியத்துக்கு ஆகாது என்கிறார் பெரியப்பா. என்ன செய்வது?
– வாசகி, திருவாரூர்

பதில்: பெரியப்பா மனசு கோணாமல் செய்ய வழி இருக்கிறது. முகூர்த்த நேரத்துக்கு வேண்டாம், அதற்கென்று வாசிக்கிற உருப்படிகள் இருக்கின்றன. நலங்கிலோ மாலை வரவேற்பிலோ வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டில் 'நலம்பெற வேண்டும்' என்றும் வருகிறதே, அதைப் பெரியப்பாவிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒன்று மட்டும், வித்வானிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போன தை மாதம் குத்தாலம் பக்கம் ஒரு கல்யாணத்தில் மேடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னதும் வித்வான் உடனே ஆரம்பிக்கவில்லை. வாத்தியத்தில் நூலில் தொங்கிய சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதுகிற நாணல் துண்டு) ஒன்றை எடுத்து உதட்டில் வைத்து ஈரமாக்கி, ஊதிப் பார்த்து, சரியில்லை என்று இன்னொன்றை மாட்டினார். பாடகி பாடுகிற 'நலந்தானா'வை, வார்த்தை இல்லாத குழலில் நாக்கு நுனியால் தட்டித் தட்டித்தான் எழுத்து எழுத்தாகக் கொண்டுவர வேண்டும், கடைசி 'தானா'வில் மூச்சைக் குறைத்துக் கேள்வி மாதிரி நிறுத்த வேண்டும். அதற்கு ஏற்ற சீவாளி வேண்டாமா?

முன் வரிசையில் பெண்ணின் பாட்டி, ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. வித்வானுக்கு யாரோ சொல்லியிருப்பார்கள் போல. முதல் அடியை ஒரு தடவை வாசித்துவிட்டு, பாட்டி பக்கமாகக் குழலைத் திருப்பி அதையே மறுபடி மெல்ல வாசித்தார். பாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "இருக்கேன், நல்லா இருக்கேன்" என்றார்.